ஆடி மாதத்தில் பிறந்த வெப்சைட்

போன புதன்கிழமை காலை என் மச்சான் முனிரத்தினம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினாரோ இல்லையோ, தன் போனை என் கையில் திணித்தார்.

"மாமா, நான் இருக்கேனா இல்லியா... நீங்களே பாத்து சொல்லுங்க."

ஆளைப் பார்த்தேன். இருந்தார். போன தீபாவளிக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தார்.

"என்னைப் பாக்காதீங்க. கூகுள்ல பாருங்க!"

அவருடைய கம்பெனிப் பெயரை டைப் செய்தேன். ஒரு மருந்துக் கடை வந்தது. கிருஷ்ணகிரியில் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற ஒருவர் வந்தார். ரப்பர் தோட்டம் விற்பனைக்கு என்று கேரளத்திலிருந்து ஒருவர் வந்தார். முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று ஒரு டாக்டர் விளக்கினார். அவர் எந்த வழியாக அங்கே வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. வராத ஒரே ஆள் என் மச்சான்தான். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம்... ம்ஹூம்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் மச்சானைப் பற்றி நான் இதுவரை சொன்னதில்லை. வீட்டில் அமைதி வேண்டும் என்பதுதான் காரணம். இந்த வாரம் அவரே அனுமதி கொடுத்துவிட்டார். "எழுதுங்க மாமா. அந்த சாக்குலயாவது நாலு பேருக்குத் தெரியட்டும்."

ஓசூரிலிருந்து பேரிகை போகிற சாலையில் அவருக்கு ஒரு ஷெட் இருக்கிறது. ரப்பர் பாகங்கள் செய்கிறார். வண்டியில் இன்ஜின் அதிராமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் கட்டை வைப்பார்களே, அதுதான் முக்கியத் தயாரிப்பு. வாங்குகிறவர் ஒரே ஒரு பெரிய வண்டிக் கம்பெனி. அந்தக் கம்பெனி இப்போது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பக்கம் திரும்பிவிட்டது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் இன்ஜின் கிடையாது. இன்ஜினே இல்லாத வண்டியில் இன்ஜினைத் தாங்குகிற ரப்பருக்கு என்ன வேலை?

ஆர்டர் பாதியாகி, பாதியில் பாதியாகிவிட்டது. முதல் ஷிப்ட் எப்படியோ ஓடுகிறது. இரண்டாவது ஷிப்ட்தான் ஊசலாடுகிறது. அதில் இருப்பவர்கள் எல்லாம் பேரிகைப் பக்கத்துக் கிராமப் பெண்கள். அச்சிலிருந்து வரும் ரப்பரின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை வெட்டி எடுப்பது அவர்கள் வேலை. கம்பெனி வேன் போய்க் கூட்டி வரும், கொண்டுபோய் விடும். புது ஆள் யாராவது ஆர்டர் கொடுக்காவிட்டால் தை பிறந்ததும் அந்த வேன் நின்றுவிடும்.

அந்தப் புது ஆள் கிடைக்காமல் இல்லை. பெங்களூரில் பம்பு செட் செய்கிற ஒரு கம்பெனி. அங்கே பர்ச்சேஸ் பார்க்கிற கிரீஷ் என்பவர் சாம்பிள் வாங்கிப் போய் சோதித்துவிட்டார். சாம்பிள் பாஸ். விலையும் பேசியாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று மச்சான் நினைத்துக்கொண்டிருந்தபோது கிரீஷிடமிருந்து போன்.

"நிம்ம கம்பெனி நெட்நல்லி இல்லவே இல்ல சார்."

எல்லையில் இருக்கிற எங்கள் ஓசூரில் இந்தக் கன்னடத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. உங்களுக்கும் தேவைப்பட்டிருக்காது.

விஷயம் இதுதான். கிரீஷின் மேனேஜர் புதிதாக யாருக்கு ஆர்டர் கொடுப்பதானாலும் முதலில் கூகுளில் பெயரைப் போட்டுப் பார்ப்பாராம். லெட்டர்பேடும் விசிட்டிங் கார்டும் மட்டுமே வைத்திருந்த ஒரு கம்பெனியிடம் முன்பு ஏமாந்திருக்கிறார். அன்றிலிருந்து கூகுளில் இல்லாதவன் பூமியிலும் இல்லை என்று முடிவு. திங்கட்கிழமை அவர்களுக்கு மீட்டிங். அதற்குள் முனிரத்தினம் இருக்க வேண்டும்.

"வெப்சைட்டே இல்லியா உனக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இருக்குது மாமா! நீங்கதானே தொறந்து வச்சீங்க!"

உண்மைதான். நான்தான் சீஃப் கெஸ்ட்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை அது. ஆடி மாதத்திலேயே வெப்சைட் தயார். ஆனால் ஆடியில் யாராவது எதையாவது திறப்பார்களா? ஜவுளிக்கடைக்காரர்கள் தள்ளுபடியைத் திறப்பார்கள். மற்றபடி தொழில் செய்கிறவர்கள் கைகட்டிக் காத்திருப்பார்கள். மச்சானும் காத்திருந்தார். ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் விழா வைத்தார்.

கம்ப்யூட்டரைக் கிழக்குப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். மானிட்டரின் குறுக்கே சிவப்பு ரிப்பன். ஐயர் வந்து மந்திரம் சொல்லி, திரையின் மேலே நடுவில் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தார். (அந்தக் கறை இன்னும் போகவில்லை. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் நெற்றியில் பொட்டோடுதான் தெரியும்.) நான் ரிப்பனை வெட்டி என்டர் பட்டனைத் தட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். கேட் வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். கேட்டில் பல்லை இளிக்கிற பெரிய திருஷ்டி பொம்மையைக் கட்டினார்கள். கம்பெனிக்குக் கட்டிவிட்டோம், வெப்சைட்டுக்கு? அந்த பொம்மையையே போட்டோ எடுத்து முதல் பக்கத்தில் போட்டார்கள்.

இதற்கு மேல் ஒரு வெப்சைட்டுக்கு என்ன பாதுகாப்பு வேண்டும்?

அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பெயருக்குக்கூட ஒரு விசாரணை இல்லை. வெப்சைட் சம்பந்தமாக வந்த ஒரே போன், "சார், உங்க வெப்சைட்டை யாருமே பாக்கறதில்ல, சரிபண்ணித் தரட்டுமா" என்பதுதான்.

அந்தப் போன்காரர்தான் முதல் நிபுணர். கழுத்தில் பட்டையும் அட்டையுமாக வந்தார். சைட் மெதுவாகத் திறக்கிறது, அதனால் கூகுளுக்குப் பிடிக்கவில்லை என்றார். பொய்யில்லை. ஆயுத பூஜைக்கு எடுத்த போட்டோக்களைக் கேமராவில் இருந்தபடியே ஏற்றியிருந்தார்கள். பக்கத்தைத் தட்டிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தால், மச்சானின் தலை வரைக்கும் வந்திருக்கும். போட்டோக்களைச் சுருக்கினார். சைட் பறந்தது. யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது நிபுணர், வேகம் எல்லாம் ஒரு விஷயமே இல்லை, வார்த்தைதான் எல்லாம் என்றார். 'ஓசூர் ரப்பர், சிறந்த ஓசூர் ரப்பர், ஓசூரில் சிறந்த ரப்பர்' என்று பக்கம் பூராவும் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதிவிட்டுப் போனார். மனிதர் கண்ணுக்குத் தெரியாதாம், கூகுளுக்கு மட்டும் தெரியுமாம். கூகுளுக்கு அந்த ஏமாற்று வேலை எப்போதோ தெரிந்துபோய், கண்டால் தண்டிக்கவும் தொடங்கிவிட்டது என்பது அவருக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாமவர் கொஞ்சம் நல்ல மனிதர். தயாரிப்புப் பட்டியல் என்ற இடத்தில் பழைய நோட்டீஸைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார்கள். 'படத்துக்குள்ள இருக்கற எழுத்தை நம்பாதீங்க சார், டைப் அடிச்சுப் போடுங்க' என்றார். மச்சானின் மனைவி மஞ்சுளா உட்கார்ந்து அத்தனையும் டைப் அடித்தார். கணக்கு, டெஸ்பாட்ச், வேன் டிரைவருடன் சண்டை என்று அந்தக் கம்பெனியில் பேர் போடாத எல்லா வேலையும் மஞ்சுளாவுடையதுதான். அதோடு இதுவும். அப்போதும் யாரும் வரவில்லை.

நான்காவது நிபுணர் வாஸ்துக்காரர். கம்ப்யூட்டர் ஈசானியத்தில் இருப்பதுதான் குற்றம் என்று அக்னி மூலைக்கு மாற்றச் சொன்னார். வெப்சைட் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, எங்கோ சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அந்த ஊரு அட்ரஸ் இருந்தா குடுங்க, அங்கயும் பாத்துடலாம்" என்றார்.

எல்லாம் முடிந்த பிறகு மச்சானுக்கு ஒரே ஒரு காரணம்தான் மிச்சம் இருந்தது.

"கண்ணு பட்டுடுச்சு மாமா."

"ஒருத்தனும் பாக்காததுமேல எப்படிப்பா கண்ணு படும்?"

"அதான் மாமா... பாக்காமலே பட்டுக்கினு இருக்குது."

புதன்கிழமை அதோடு போனது. வியாழக்கிழமைதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. சைட்டை முதன்முதலில் செய்தவர் யார்? நிசார். அப்போது ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சின்னதாக டிசைன் கடை வைத்திருந்தார். இப்போது பெங்களூரில் வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிறவர். போன் செய்ததும், சனிக்கிழமை லீவு, வந்துவிடுகிறேன் என்றார்.

சனிக்கிழமை காலை ஷெட்டுக்குப் போனோம். மஞ்சுளா எழுந்து நாற்காலி கொடுத்தார். நிசார் உட்கார்ந்து ஏதோ தட்டினார். திரையில் இருந்த குங்குமப் பொட்டைச் சுற்றி எழுத்துகள் ஓடின. மச்சான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, டாக்டர் எக்ஸ்ரே பார்க்கும்போது சொந்தக்காரர்கள் நிற்பார்களே, அப்படி நின்றார்.

"அண்ணா, கூகுள் வந்து போயிருக்குது. ஒரு தடவை இல்ல, பல தடவை வந்துருக்குது."

"வந்துச்சா? அப்பறம் ஏன் காட்டல?"

"வாசல்லயே 'எங்களைப் பட்டியல்ல சேக்காதே'ன்னு போர்டு தொங்குது. பாத்துட்டு மரியாதையா திரும்பிப் போயிருக்குது."

செட்டிங்ஸைத் திறந்தார். ஒரு சின்னக் கட்டம். பக்கத்தில், இந்தத் தளத்தைத் தேடுபொறிகளுக்குக் காட்ட வேண்டாம் என்ற பொருளில் ஒரு வரி. கட்டத்துக்குள் ஒரு டிக்.

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. "எவன் மாமா இந்த வேலையப் பண்ணது? பக்கத்து ஷெட்டுக்காரனா? சொல்லு நிசாரு, எவன்?"

"நான்தாண்ணா."

நிசார் நாற்காலியைத் திருப்பி மச்சானைப் பார்த்தார்.

"நீங்கதானே சொன்னீங்க? 'ஆடி மாசம்ப்பா, ஆவணியில பூசை போடற வரைக்கும் ஒருத்தன் கண்ணுலயும் படக் கூடாது, கண்ணு பட்டா வெளங்காது'ன்னு. வெளியூர்க்காரன் எவனாச்சும் தேடினாக்கூட வரக் கூடாதுன்னீங்க. அதுக்கு இதாண்ணா வழி."

"சரிப்பா... ஆவணியில பூசை போட்டோமே! நீயும் வந்தியே! லட்டு சாப்ட்டியே!"

"சாப்ட்டேன். அப்பவே கேட்டேனே, 'அண்ணா, ஓப்பன் பண்ணிடட்டுமா'ன்னு. 'அதெல்லாம் ஐயர் பண்ணிட்டாரு'ன்னு நீங்க சொன்னீங்க."

நான் என் கை விரல்களைப் பார்த்துக்கொண்டேன். என்டர் பட்டனைத் தட்டிய விரல் அதில் ஒன்று.

யோசித்துப் பாருங்கள். நான்கு நிபுணர்கள். ஒருவர் வேகத்தைப் பார்த்தார், ஒருவர் வார்த்தையைப் பார்த்தார், ஒருவர் படத்தைப் பார்த்தார், ஒருவர் மூலையைப் பார்த்தார். அவரவர் விற்கிற மருந்துக்கு ஏற்ற நோயை அவரவர் கண்டுபிடித்தார்கள். முதலில் கதவு திறந்திருக்கிறதா என்று யாருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. பூட்டிய வீட்டுக்குள்ளே இருந்துகொண்டு மாறி மாறிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

ஆனால் நிபுணர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு ஓட்டிவருகிறவர் யாராவது, கண் பட்டுவிடும் என்று மாட்டைப் போர்வையால் மூடி நிறுத்துவாரா? மூடிவிட்டு, 'ஏன் ஒருத்தனும் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை' என்று வருத்தப்படுவாரா? நாம்தான் இதைச் செய்கிறோம். ஊருக்குத் தெரிய வேண்டும் என்று ஆசை, ஊர் பார்த்துவிடுமோ என்று பயம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஐயரை வைத்துச் செய்கிறோம்.

"சரி, எடுத்துடட்டுமா?" என்று நிசார் மவுஸைப் பிடித்தார்.

மச்சான் சட்டென்று அவர் கையைப் பிடித்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "இரு இரு... இப்ப ராகு காலம். கொஞ்சம் போகட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறப்பதற்குள் கதவருகே ஒரு குரல். பிசிறு வெட்டுகிற கௌரம்மா நின்றிருந்தார். சனிக்கிழமை ஓவர்டைம் இருக்குமோ என்று கேட்க வந்தவர், கம்ப்யூட்டரைச் சுற்றிக் கூட்டமாக நின்றதைப் பார்த்துவிட்டு வேறு எதையோ கேட்டார்.

"தை பொறந்தா வேன் வருமா சாமி? இல்ல, நாங்க வேற எடம் பாத்துக்கணுமா?"

மச்சான் காலண்டரைப் பார்த்தபடியே நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் அந்தப் பெண்ணை ஏமாற்ற நினைக்கிறவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். பயந்த மனிதனுக்குக் காலண்டர் ஒரு பிடிமானம்.

மஞ்சுளாதான் வந்தார். நிசாரை நகரச் சொன்னார். மவுஸைப் பிடித்தார்.

"ஏய், மஞ்சு, ராகு காலம்டி!"

"இந்த ரெண்டு வருசமா ஓடுனது மட்டும் என்ன காலமாம்?"

டிக் போனது. சேவ் பட்டனையும் அவரே அழுத்தினார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "வேன் வஸ்துந்தி கௌரம்மா, நீ போ" என்றார். வரும் என்று அவ்வளவு உறுதியாக மஞ்சுளா தெலுங்கில் சொன்னது கௌரம்மாவுக்காகவா, தனக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

டிக்கை எடுத்ததும் வந்துவிடுமா? வராது. நிசார் அதையும் சொல்லிவிட்டார். வெள்ளை எழுத்துகளையெல்லாம் அழித்தார். எங்களிடம் இன்னின்ன பக்கங்கள் இருக்கின்றன என்று கூகுளுக்கு ஒரு வரைபடம் அனுப்பினார். 'மறுபடியும் வந்து பாருங்கள்' என்று கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பதுபோல ஒன்றைக் கொடுத்தார். "இனிமே அது எப்ப வருதோ அப்பதாண்ணா. சில சமயம் சீக்கிரம் வரும், சில சமயம் வாரக்கணக்கா ஆகும்."

"சீக்கிரம் வர ஏதாச்சும் பரிகாரம்..." என்று மச்சான் ஆரம்பித்தார். மஞ்சுளா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்கள் குடும்பமே ஒரே பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. நான், என் மனைவி, மச்சான், மஞ்சுளா. அதே மருந்துக் கடை, அதே ரப்பர் ஸ்டாம்ப்காரர், அதே முழங்கால் டாக்டர். எனக்கு இப்போது அவர் சொன்ன பயிற்சிகள் மனப்பாடம்.

திங்கட்கிழமை காலை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நானும் ஷெட்டுக்குப் போய்விட்டேன். போனபோது மஞ்சுளா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே, "அண்ணா, வந்துட்டோம்" என்றார்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். குங்குமப் பொட்டுக்குக் கீழே, முதல் வரியிலேயே, முனிரத்தினத்தின் கம்பெனி. பேரிகை சாலை, ஓசூர். பக்கத்தில் ஒரு படம். கூகுள் அந்தச் சைட்டில் இருந்த அத்தனை போட்டோக்களிலும் தேடி எடுத்த படம்... பல்லை இளிக்கிற திருஷ்டி பொம்மை.

"அய்யோ" என்று நான் தலையில் கை வைத்தேன். பம்பு கம்பெனி மேனேஜர் முதலில் பார்க்கப்போவது இதையா?

மதியத்துக்கு மேல் கிரீஷ் கூப்பிட்டார். மச்சான் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஆ ராக்ஷச முக... அதூ நிம்ம பிராடக்டா?"

"இல்ல சார், இல்ல சார்! ராட்சசன் மொகம் நம்ம பிராடக்ட் இல்ல. அது திருஷ்டிக்கு சார். கேட்ல கட்டினது."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. பிறகு கன்னடமும் தமிழும் கலந்து கிரீஷ் சொன்னதன் சாரம் இது. மீட்டிங்கில் மேனேஜர் பெயரைப் போட்டதும் அந்த பொம்மைதான் திரை நிறைய வந்ததாம். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாராம். "இது நிஜமான ஃபேக்டரிதான். காகிதக் கம்பெனிக்காரன் யாரும் திருஷ்டி பொம்மை கட்ட மாட்டான். கட்டுவதற்கு அவனிடம் கேட் என்று ஒன்றே இருக்காது" என்றாராம். கையெழுத்துப் போட்டுவிட்டாராம். முதல் ஆர்டர் இந்த வாரமே.

போனை வைத்தார் மச்சான். எழுந்து பிரஸ் மெஷினுக்குப் பின்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேன் டிரைவரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று மஞ்சுளா வெளியே போனார். பேசுவதற்கு அவசரமாக ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

நல்ல கதை இந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும். என் மச்சானின் கதை ஆயிற்றே, அப்படி முடியுமா?

மஞ்சுளா திரும்பி வந்து உட்கார்ந்ததும் மச்சானும் வந்தார். தெளிந்த முகம். "பாத்தீங்களா மாமா, கடைசியில பொம்மைதான் காப்பாத்துச்சு" என்றார். மறுப்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. பிறகு திரையைப் பார்த்தார். திரையில் தன் பெயரைப் பார்த்தார். மெல்ல முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா இப்ப ஊரே பாக்குது மாமா. ஆர்டர் வேற வந்துருக்குது. கண்ணு படாம இருக்குமா? ஒரே ஒரு வாரம்... அந்த டிக்கைத் திரும்பப் போட்டு வெச்சா என்ன?"

"பாஸ்வேர்ட மாத்தியாச்சு" என்றார் மஞ்சுளா, தலையை நிமிர்த்தாமல்.

"எப்பம்மா மாத்தினே?" என்று கேட்டேன்.

"காலையில எமகண்டத்துலண்ணா. அப்பதான் இவரு கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டாரு."